பழைய கேம்ரி ஹைப்ரிட்ல சார்ஜ் நிக்கல: பெரிய பேட்டரிய மாத்துறதுக்கு முன்னாடி இத பாருங்க

நீங்க எழுதினதுல இருந்து நான் புரிஞ்சுக்கிட்டத முதல்ல சொல்லிடுறேன், தப்பா இருந்தா திருத்துங்க. 2014 மாடல் டொயோட்டா கேம்ரி ஹைப்ரிட், அதாவது பெட்ரோல் இஞ்சினும் கரண்ட் மோட்டாரும் சேந்து ஓட்டுற கார், கொச்சியில இருந்து செகண்ட் ஹேண்டா எடுத்தது, இப்போ குளச்சல்ல உங்க வீட்டுல நிக்குது. டிஸ்ப்ளேல பேட்டரி கோடு சட்டுனு நிறையுது, அதே வேகத்துல ரெண்டு கோட்டுக்கு இறங்குது. ஒரு நாள் ஹைப்ரிட் சிஸ்டத்த செக் பண்ணுன்னு எழுத்து வந்துட்டு தானாவே போயிடுச்சு. அப்புறம் நாலு நாள் வண்டிய எடுக்காம இருந்துட்டு ஸ்டார்ட் பண்ணா, வண்டி ஓட தயார்னு காட்டுற ரெடி லைட்டே வரல, பக்கத்து வீட்டு கார்ல கேபிள் போட்டு எடுத்திருக்கீங்க. ஒரு ஒர்க்ஷாப்ல, சாதாரண வண்டியில இஞ்சின் ஓடும்போது சார்ஜ் குடுக்குற ஆல்டர்னேட்டர் போச்சுங்கிறாங்க, இன்னொரு இடத்துல பெரிய பேட்டரிய மொத்தமா மாத்தணும், லட்சக்கணக்குல ஆகும்ங்கிறாங்க. ரெண்டுல எது சரி, அடுத்த வாரம் மதுரை வரைக்கும் ஓட்டலாமா, இதுதானே கேள்வி. நீங்க மேலுக்கு கேக்குறது சார்ஜ் ஏன் ஏறலன்னு, ஆனா உள்ளுக்குள்ள இருக்கிற கேள்வி அவ்வளவு பணத்த போடுறதுக்கு முன்னாடி அந்த பேட்டரி நெஜமாவே போச்சான்னு எப்படி உறுதி பண்றதுங்கிறதுன்னு எடுத்துக்கிட்டு பதில் எழுதுறேன்.

நான் தக்கலை பக்கம் ஆட்டோ எலக்ட்ரிக்கல் வேலை பாக்குறவன், அதுக்கு முன்னாடி திருவனந்தபுரத்துல ஒரு டீலர் ஒர்க்ஷாப்ல ஹைப்ரிட் ட்ரெய்னிங் எடுத்து வருஷக்கணக்கா அந்த வண்டிங்க மேலயே வேலை பாத்திருக்கேன். ஆனா உங்க வண்டிய நான் பாக்கல, ஒரு ரீடிங்கும் என் கையில இல்ல, அதனால எது நிச்சயம் எது ஊகம்னு பிரிச்சு பிரிச்சு சொல்லுறேன், ஊகத்த நிச்சயமா எடுத்துக்கிட்டு செலவு பண்ணிடாதீங்க.

நிச்சயமா சொல்லக்கூடியது ஒண்ணு: ஆல்டர்னேட்டர் போச்சுன்னு சொன்ன இடத்துல இனி வண்டிய காட்ட வேண்டாம். இந்த வண்டியில ஆல்டர்னேட்டரே கிடையாது. தனியா ஸ்டார்ட்டர் மோட்டாரும் கிடையாது. டிரான்ஸ்மிஷனுக்குள்ள ரெண்டு மோட்டார் இருக்கு, அதுல ஒண்ணுதான் இஞ்சின சுத்தி ஸ்டார்ட் பண்ணும், இஞ்சின் ஓட ஆரம்பிச்சதும் அதே மோட்டார் ஜெனரேட்டரா மாறி பெரிய பேட்டரிக்கு சார்ஜ் குடுக்கும். இன்னொரு மோட்டார் சக்கரத்த ஓட்டும், பிரேக் போடும்போது அதுவும் கரண்ட திருப்பி குடுக்கும். வண்டியில பேட்டரி ரெண்டு. பின் சீட்டுக்கு பின்னாடி இருக்குறது பெரிய நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி, 244.8 வோல்ட். டிக்கியில சின்னதா 12 வோல்ட் பேட்டரி ஒண்ணு தனியா இருக்கு. சின்னதுக்கு சார்ஜ் குடுக்குறது பெரியதுதான், நடுவுல டிசி டிசி கன்வர்ட்டர்னு ஒரு பொருள் அந்த பெரிய வோல்டேஜ 14 வோல்ட் கிட்ட குறைச்சு அனுப்பும், அது, பேட்டரி கரண்ட மோட்டாருக்கு ஏத்த மாதிரி மாத்துற இன்வெர்ட்டர் பெட்டிக்குள்ளேயே இருக்கு. அதனால "பேட்டரி சார்ஜ் ஏறல"ன்னு யாராவது சொன்னா எந்த பேட்டரின்னு கேக்காம அடுத்த பேச்சுக்கு போகவே கூடாது, உங்க கேள்வியிலயும் ரெண்டு பேட்டரி சமாச்சாரமும் ஒண்ணா கலந்து கெடக்கு.

நாலு நாள் நின்னு ரெடி ஆகாம போனது, கேபிள் போட்டதும் ரெடி ஆனது, இது 12 வோல்ட் பேட்டரி சம்பந்தப்பட்டது. இத ஓரளவு உறுதியாவே சொல்லலாம், ஏன்னா கேபிள் போட்டா கரண்ட் போறது சின்ன பேட்டரி லைனுக்கு மட்டும்தான். அந்த 12 வோல்ட் கம்ப்யூட்டர்களை எழுப்பும், பெரிய பேட்டரிய லைன்ல சேக்குற ரிலேவ இழுக்கும், அதோட அதுக்கு வேலை முடிஞ்சுது. பெரிய பேட்டரி முழுசா காலியாகியிருந்தா எத்தன கேபிள் போட்டாலும் இஞ்சின் சுத்தாது. உங்களுக்கு சுத்தியிருக்கு. அப்போ அன்னிக்கு பெரிய பேட்டரியில இஞ்சின சுத்துற அளவுக்காவது சார்ஜ் இருந்திருக்கு.

இத நீங்களே வீட்டுல பாத்துக்கிடலாம், ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். ராத்திரி நிப்பாட்டின வண்டிய காலையில கதவ திறந்து கொஞ்ச நேரம் விட்டுட்டு சின்ன பேட்டரி டெர்மினல்ல வச்சு பாருங்க, 12.6க்கு மேல இருந்தா நல்லது, 12.3 கிட்டன்னா பாதி சார்ஜ்தான் இருக்கு, 12க்கு கீழன்னா ஒண்ணு பேட்டரி செத்துருச்சு இல்லன்னா ராத்திரி எதுவோ கரண்ட குடிச்சிருக்கு. அப்புறம் பிரேக்க மிதிச்சு ரெடி பண்ணிட்டு மறுபடி அதே இடத்துல பாருங்க. 13.5ல இருந்து 14.5க்குள்ள வந்தா டிசி டிசி கன்வர்ட்டர் வேலை செய்யுது, அந்த கவலைய விட்டுடலாம். ரெடி லைட் எரியும்போதும் 12 சொச்சத்துலயே நின்னு கொஞ்சம் கொஞ்சமா இறங்குச்சுன்னா கன்வர்ட்டர் இல்லன்னா அதோட லைன்ல கோளாறு, அப்போ பெரும்பாலும் பி0ஏ08ன்னு ஒரு கோளாறு கோடும் கூடவே இருக்கும் (இது கம்ப்யூட்டர் பதிஞ்சு வைக்கிற code, டிஸ்ப்ளேல ஏறி இறங்குற கோடு வேற). இந்த ரெண்டு ரீடிங் எடுக்க அஞ்சு நிமிஷம் ஆகும், இத எடுக்காமலே பெரிய பேட்டரிக்கு விலை சொன்னாங்கன்னா அந்த விலைய நீங்க கேக்கவே வேண்டாம்.

சின்ன பேட்டரி எப்போ மாத்தினதுன்னு முன்னாடி ஓனர்கிட்ட கேட்டு பாருங்க, நாலஞ்சு வருஷம் தாண்டியிருந்தா டெஸ்ட்ல சுமாரா வந்தாக்கூட மாத்திடுறது நல்லது. மாத்தும்போது அங்க என்ன வகை இருந்துச்சோ அதே ஏஜிஎம் வகைதான், அதாவது தண்ணி ஊத்த வேண்டாத மூடின பேட்டரிதான் போடணும், கேஸ் வெளிய போற சின்ன குழாய் இருக்கும், அத மறக்காம திரும்ப மாட்ட சொல்லுங்க. கடையில சாதாரண தண்ணி ஊத்துற பேட்டரிய வச்சு குடுப்பாங்க, விலை குறைவா இருக்கும், ஆனா அது டிக்கிக்குள்ள இருக்கு, ஹைட்ரஜன் வெளிய போக வழியில்லாம வண்டிக்குள்ளேயே தங்கும், வேண்டாம். புது பேட்டரி போட்ட பிறகும் மறுபடி நாலு நாள்ல இறங்குச்சுன்னா எங்கயோ கரண்ட் ஒழுகுது. எல்லாம் ஆஃப் ஆகி வண்டி தூங்கின பிறகு நிக்குற கரண்ட் 50 மில்லி ஆம்பியருக்குள்ள இருக்கணும். கொச்சி வண்டின்னு சொல்றதால ஒண்ணு தோணுது, முன்னாடி ஓனர் ஜிபிஎஸ் டிராக்கர், டேஷ் கேமரா, ஆம்ப்ளிஃபயர்னு ஏதாவது போட்டுட்டு எடுக்காம விட்டிருக்கலாம், டேஷ்போர்டுக்கு அடியில கை விட்டு பாருங்க. ஸ்மார்ட் கீய வண்டிக்கு பக்கத்துலயே ஆணியில தொங்கவிடுற பழக்கம் இருந்தாலும் வண்டி முழுசா தூங்காது. இன்னொண்ணு, வோல்டேஜ் குறைஞ்சா வண்டிக்குள்ள இருக்குற கம்ப்யூட்டர்கள் ஒண்ணோட ஒண்ணு பேச முடியாம சம்பந்தமே இல்லாத வார்னிங் எல்லாம் வரும், ஏபிஎஸ், ஸ்டீயரிங், ஹைப்ரிட்னு வரிசையா எரியும். உங்களுக்கு வந்துட்டு போன எழுத்து அதுல ஒண்ணா இருக்கவும் வாய்ப்பு இருக்கு, ஆனா அது ஊகம், கோடு படிக்காம சொல்ல முடியாது.

இனி பெரிய பேட்டரி. கோடு சட்டுனு ஏறி சட்டுனு இறங்குறதுன்னு நீங்க எழுதினீங்க பாருங்க, உங்க கேள்வியில என்னை யோசிக்க வச்சது அந்த வரிதான். சின்ன பேட்டரி பலவீனமா இருந்தா இது பொதுவா வராது. இது பெரிய பேட்டரிக்கு வயசாகி கொள்ளளவு குறைஞ்சா வர்ற அறிகுறி. 2014 வண்டி, அதே ஒரிஜினல் பேட்டரின்னா ஆச்சரியப்படவும் ஒண்ணுமில்ல. ஆனா அறிகுறி வேற, தீர்ப்பு வேற. கொள்ளளவு குறைஞ்ச மாதிரி காட்டுற வேற காரணங்களும் இருக்கு, அதுல சிலது சில ஆயிரத்துல முடியிற வேலை.

அந்த பேட்டரி எப்படி இருக்குன்னு கொஞ்சம் தெரிஞ்சுக்கிடுங்க, அப்போதான் யாரு என்ன சொன்னாலும் எடை போட முடியும். உள்ள 34 மாட்யூல் வரிசையா தொடர் இணைப்புல இருக்கு, ஒவ்வொண்ணும் 7.2 வோல்ட், ஒவ்வொரு மாட்யூலுக்குள்ளயும் 1.2 வோல்ட் செல் ஆறு. பேட்டரி கம்ப்யூட்டர் ரெண்டு ரெண்டு மாட்யூல சேத்து ஒரு பிளாக்கா பாக்குது, ஆக மொத்தம் 17 பிளாக், ஒவ்வொண்ணும் 14.4 வோல்ட் கணக்கு. கொள்ளளவு 6.5 ஆம்பியர் ஹவர், அதாவது மொத்தமே 1.6 கிலோவாட் ஹவர்தான். அதுலயும் முழுசா நிறைய விடாது, முழுசா காலியாகவும் விடாது, ஏறத்தாழ 40ல இருந்து 80 சதவீதத்துக்குள்ளதான் வச்சு ஓட்டும், 60 கிட்ட நிக்க பாக்கும், ஆயுசு நீளணும்னுதான் அப்படி. அதனால புது வண்டியிலயே கோடு ஏறி இறங்கத்தான் செய்யும், கன்னியாகுமரி ரோட்டுல பிரேக் போட்டு பிரேக் போட்டு வந்தா நிறையும், ஏசி போட்டுக்கிட்டு மார்த்தாண்டத்துல டிராஃபிக்ல நின்னா குறையும். ஒண்ணு ரெண்டு நிமிஷத்துல எட்டு கோட்டுல இருந்து ரெண்டு கோட்டுக்கு விழுந்து, ஓட்டத்துல அதே வேகத்துல மேல போனாத்தான் அது இயல்பு இல்ல.

இங்க ஒரு பழக்கத்தையும் கேக்கணும். சிக்னல்லயும் டிராஃபிக்லயும் நிக்கும்போது நியூட்ரல்ல போடுவீங்களா? நம்ம ஊர்ல கியர் வண்டி ஓட்டி பழகின எல்லாரும் அத செய்வாங்க. இந்த வண்டியில நியூட்ரல்ல நின்னா பெரிய பேட்டரிக்கு சார்ஜே ஏறாது, இஞ்சின் ஓடினாலும் ஏறாது, ஏசி மட்டும் அத குடிச்சுக்கிட்டே இருக்கும். மேனுவல்லயே எச்சரிக்கை போட்டிருக்கு. நிக்கும்போது டிரைவ்ல பிரேக்க மிதிச்சு நில்லுங்க, நேரமாகும்னா பார்க்கிங்ல போடுங்க. இத மாத்தினதுமே கோடு விழுறது நின்னா நல்லது, நிக்கலன்னா மேல போகலாம்.

அடுத்தது காத்து. அந்த பேட்டரிக்கு நம்ம உடம்புக்கு ஒத்துக்கிற வெப்பம்தான் ஒத்துக்கும், 40 டிகிரி தாண்டினா அதோட ஆயுசு வேகமா கரையும், கம்ப்யூட்டரும் சார்ஜ் ஏத்துறத குறைச்சிடும். குளிர வைக்கிறது வண்டிக்குள்ள இருக்குற ஏசி காத்துதான், பின் சீட்ட ஒட்டி காத்து உள்ள போற துவாரம் ஒண்ணு இருக்கு, எங்கன்னு மேனுவல்ல படம் போட்டிருக்கும். அது மேல துணிப்பை, குழந்தை சாமான், டவல்னு எதையும் வைக்கக்கூடாது. உள்ள ஒரு ஃபேன் இருக்கு, அதோட இறக்கையில தூசி, முடி, நம்ம கடற்கரை ஊர்ல அதோட சேந்த ஈரமும் உப்பும் அப்பி ஒரு போர்வையா கெடக்கும், கழட்டி பாத்தா நம்ப முடியாது. வெயில்ல நிறுத்திட்டு எடுத்ததும் பின்னாடி ஒரு ஃபேன் சத்தம் பலமா கேக்குதான்னு கவனிங்க. எலி அந்த குழாய்க்குள்ள கூடு வச்சிருக்கவும் வாய்ப்பு இருக்கு, தோப்புக்கு நடுவுல வீடுன்னா இன்னும் அதிகம். ஃபேன் சுத்தம் பண்றது பேட்டரிய திறக்காமலே ஆகிற வேலை, தெரிஞ்சவங்ககிட்ட குடுத்தா அரை நாள்ல முடியும், என்னை கேட்டா பெரிய பேட்டரிய பத்தி பேசுறதுக்கு முன்னாடி இத செஞ்சே ஆகணும். அப்படியே முன்னாடி பானெட்டுக்குள்ள இன்வெர்ட்டருக்குன்னு தனி கூலண்ட் டப்பா இருக்கும், அளவு சரியா இருக்கான்னு பாருங்க, ரெடில இருக்கும்போது உள்ள கூலண்ட் அசையுறது பெரும்பாலும் தெரியும், அசைவே இல்லன்னா பம்ப்ப சந்தேகப்படணும், அதுக்கு கோடு பி0ஏ93.

இன்னொரு காரணம் நம்ம மாவட்டத்துல ரொம்ப முக்கியம், அது துரு. மாட்யூல்கள ஒண்ணோட ஒண்ணு சேக்குறது நிக்கல் முலாம் போட்ட செம்பு பட்டை. குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம்னு கடல ஒட்டி நிக்குற வண்டியில உப்புக்காத்து, அதோட நமக்கு தென்மேற்கு வடகிழக்கு ரெண்டு மழையும் வருது, வருஷத்துல பாதி நாள் காத்துல ஈரம். அந்த பட்டை பச்சை பூத்துப் போகும். பச்சை பூத்தா அங்க ரெசிஸ்டன்ஸ் ஏறும், ரெசிஸ்டன்ஸ் ஏறுனா அந்த பிளாக் வோல்டேஜ் கம்ப்யூட்டருக்கு தப்பா தெரியும், செல் நல்லா இருந்தும் பேட்டரி போச்சுன்னு கோடு போட்டுடும். வோல்டேஜ் அளக்குற மெல்லிசு வயர் முனையிலயும் இதே கதை. பட்டைய கழட்டி சுத்தம் பண்ணி சொன்ன அளவு இறுக்கத்துல முடுக்கினதும் சரியான வண்டிங்கள நான் பாத்திருக்கேன். எல்லா வண்டிக்கும் அப்படி ஆகும்னு சொல்ல மாட்டேன், ஆனா மொத்தமா மாத்த சொல்றவங்ககிட்ட பட்டைய பாத்தீங்களான்னு கேக்குற உரிமை உங்களுக்கு இருக்கு.

அடுத்த படி கோடு படிக்கிறது. சாதாரண ஸ்கேனர்ல இஞ்சின் கோடு மட்டும் வரும், ஹைப்ரிட் கோடு பல நேரம் வராது, அதனால ஒண்ணுமில்லன்னு சொல்லி அனுப்பிடுவாங்க. டொயோட்டாவோட சொந்த ஸ்கேன் சாஃப்ட்வேரான டெக்ஸ்ட்ரீம் இருக்குற இடமா பாருங்க. பி0ஏ80ன்னா பேட்டரிய மாத்துன்னு அர்த்தம், ஆனா அந்த கோடு வர்றது பிளாக்குகளுக்கு நடுவுல வோல்டேஜ் வித்தியாசம் அளவ தாண்டினதால, ஏன் தாண்டுச்சுன்னு அது சொல்லாது. பி3011, பி3012ன்னு வரிசையா வர்ற கோடு எந்த பிளாக் பலவீனம்னு நம்பரோட காட்டும், அது ரொம்ப உபயோகம். பி0ஏஏ6 வந்தா கதையே வேற, ஹை வோல்டேஜ் எங்கயோ பாடியில கசியுதுன்னு அர்த்தம், அப்போ வண்டிய ஓட்டாம தெரிஞ்சவங்களுக்கு போன் போடுங்க. எந்த கோடு வந்தாலும் அழிக்கிறதுக்கு முன்னாடி அந்த ஃப்ரீஸ் ஃப்ரேம் பக்கத்த போட்டோ எடுத்து வச்சுக்கிடுங்க, கோளாறு வந்த நேரத்துல எத்தன டிகிரி, எத்தன சதவீத சார்ஜ், ஒவ்வொரு பிளாக்கும் எவ்வளவுன்னு எல்லாம் அதுல இருக்கும், அழிச்சுட்டா போச்சு.

கடைசி தீர்ப்பு சொல்றது லோடு டெஸ்ட்தான். டெக்ஸ்ட்ரீம் கிடைக்கலன்னா வண்டியோட ஸ்கேன் சாக்கெட்ல சொருகுற ஒரு நல்ல புளூடூத் ஓபிடி அடாப்டர் வாங்கி டாக்டர் ப்ரியஸ் ஆப்ப போன்ல போட்டாலே 17 பிளாக்கும் தனித்தனியா தெரியும், இந்த கேம்ரிக்கும் அது வேலை செய்யும். காத்தோட்டமான இடத்துல வண்டிய நிறுத்தி, பார்க்கிங் பிரேக்கும் போட்டு, பார்க்கிங்ல ரெடி பண்ணி, ஏசிய முழுசா வச்சு, ஹெட்லைட்ட போடுங்க. இஞ்சின் நின்னு பேட்டரி இறங்கிக்கிட்டு வரும், ஒரு அளவுக்கு வந்ததும் இஞ்சின் தானா ஓடி சார்ஜ் ஏத்தும். இத சில சுத்து பாருங்க. நல்ல பேட்டரியில எல்லா பிளாக்கும் சேந்தே இறங்கும் சேந்தே ஏறும், வித்தியாசம் 0.2, 0.3 வோல்ட்டுக்குள்ள நிக்கும். ஒரு பிளாக் மட்டும் இறங்கும்போது மத்தவங்களுக்கு முன்னாடி இறங்கி, ஏறும்போதும் மத்தவங்களுக்கு முன்னாடி ஏறுச்சுன்னா அதுக்கு கொள்ளளவு போச்சு. சின்ன குடம் சீக்கிரம் நிறையும் சீக்கிரம் காலியாகும் இல்லையா, அதேதான், உங்க கோடு சட்டுனு ஏறி இறங்குறதுக்கும் அதுதான் விளக்கம். ஒரு பிளாக் சும்மா நிக்கும்போதும் மத்த பிளாக்க விட 1.2 வோல்ட் கிட்ட எப்பவும் குறைவாவே இருந்தா உள்ள ஒரு செல் மொத்தமா செத்துருச்சு. லோடு வந்தா மட்டும் விழுந்து, லோடு போனதும் உடனே மேல வந்துட்டா ரெசிஸ்டன்ஸ், அங்க பட்டை துருவ முதல்ல சந்தேகப்படணும். ஓரத்துல இருக்குற பிளாக்க விட நடுவுல இருக்குறது மோசமா வந்தா சூடு காரணமா இருக்கும், நடுவுல சூடு வெளிய போறது கஷ்டம்.

இது வரைக்கும் சொன்ன எதுக்கும் பேட்டரி மூடிய திறக்க வேண்டியதில்ல, திறக்கவும் கூடாது, இத கெஞ்சியே கேட்டுக்கிடுறேன். இது 245 வோல்ட் டிசி, இன்வெர்ட்டருக்குள்ள அத 650 வோல்ட் வரைக்கும் ஏத்துது, கை வச்சா ஆள் மிஞ்ச மாட்டாங்க. யூடியூப்ல ஒருத்தர் ஸ்பானர வச்சு கழட்டுறத பாத்துட்டு நம்ம பசங்க செய்ய போறாங்க, பயமா இருக்கு. முறையா செய்றவங்க 12 வோல்ட் நெகட்டிவ கழட்டி, 1000 வோல்ட் வேலைக்குன்னு தரம் குறிச்ச ரப்பர் கையுறை போட்டு, ஆரஞ்சு கைப்பிடி உள்ள சர்வீஸ் பிளக்க உருவி அத சொந்த பாக்கெட்ல வச்சுக்கிட்டு, கெப்பாசிட்டர் இறங்க பத்து நிமிஷம் காத்திருந்து, மீட்டர்ல அளந்து பாத்துட்டுதான் தொடுவாங்க. பிளக்க உருவினாலும் பேட்டரி ரெண்டு துண்டா பிரியுமே தவிர ஒவ்வொரு துண்டுலயும் உயிரெடுக்குற வோல்டேஜ் அப்படியே இருக்கும். நீங்க குடுக்குற இடத்துல அந்த கையுறை இருக்கான்னு கேளுங்க, இல்லன்னா அங்க குடுக்காதீங்க.

டெஸ்ட்ல பேட்டரி போச்சுன்னே வந்தா என்ன பண்றது. ஒரே ஒரு மாட்யூல மாத்தி தர்றேன்னு சொல்றவங்க இருக்காங்க, விலை கம்மி. என் அனுபவத்துல 2014 பேட்டரியில ஒண்ணு போச்சுன்னா மத்த 33ம் அதே வயசு, அதே சூடு பட்டது, சில மாசத்துல அடுத்தது போகும். வண்டிய விக்கப்போறவருக்கு அது போதும், வச்சு ஓட்டப்போறவருக்கு போதாது. எல்லா மாட்யூலையும் வெளிய எடுத்து பல தடவ சார்ஜ் டிஸ்சார்ஜ் பண்ணி சமப்படுத்துறத ரீகண்டிஷன்னு சொல்றாங்க, ஒழுங்கா செஞ்சா கொஞ்சம் உயிர் வரும், ஆனா எவ்வளவு நாள் நிக்கும்னு யாராலயும் கையெழுத்து போட்டு தர முடியாது. அத செய்யும்போது மாட்யூல்கள இறுக்கி பிடிச்சு வச்சுதான் சார்ஜ் பண்ணணும், இல்லன்னா உப்பிடும், அப்படி பிடிச்சு வச்சு செய்றாங்களான்னு நேர்ல பாத்துக்கிடுங்க. வெளிநாட்டுல இருந்து வர்ற யூஸ்டு பேட்டரி பத்தி நான் நல்லதும் சொல்ல மாட்டேன் கெட்டதும் சொல்ல மாட்டேன், பிளாக் ரீடிங் காட்டி, எழுத்துல வாரண்டி குடுத்தா யோசிக்கலாம், வாய் வார்த்தைக்கு வாங்காதீங்க. இஞ்சின் நல்லா இருந்து இன்னும் அஞ்சாறு வருஷம் வச்சுக்கிட போறீங்கன்னா புதுசு போடுறதுதான் கணக்குக்கு சரியா வரும், போடும்போது ஃபேனும் குழாயும் சுத்தம் பண்ணாம போட விடாதீங்க, பழச கெடுத்த சூடு புதுசையும் கெடுக்கும்.

கொச்சி வண்டிங்கிறதால ஒண்ணு சொல்லணும். 2018 ஆகஸ்ட்ல கேரளாவுல வந்த வெள்ளத்துல முங்கின வண்டிங்க நிறைய துடைச்சு வெளி மாவட்டத்துக்கு வந்துச்சு. உங்க வண்டி அதுல ஒண்ணுன்னு நான் சொல்லல, தெரியாம சொல்லவும் கூடாது. டிக்கி கார்ப்பெட்ட தூக்கி ஸ்டெப்னி குழிய பாருங்க, சீட் பெல்ட்ட கடைசி வரைக்கும் இழுத்து அடியில சேறு கோடு இருக்கான்னு பாருங்க, சீட் ரெயில் போல்ட் துருவ பாருங்க. பேட்டரி இருக்குறது டிக்கி தரை உயரத்துல, தண்ணி அங்க வரைக்கும் வந்திருந்தா பட்டை துருவும் இன்சுலேஷன் கோளாறும் ரெண்டும் வரும், அப்போ பேட்டரி மட்டும் மாத்தி தீராது, வயரிங்கும் பேட்டரி கம்ப்யூட்டரும் சேத்து பாக்கணும்.

மதுரைக்கு ஓட்டலாமான்னு கேட்டதுக்கு: 12 வோல்ட்ட மாத்தி, ரெடில 14 கிட்ட காட்டி, கோளாறு கோடு எதுவும் இல்லாம, லோடு டெஸ்ட்ல பிளாக் எல்லாம் சேந்து நின்னா தாராளமா போங்க. வார்னிங் மறுபடி வந்திருந்தா, இல்ல ஒரு பிளாக் தனியா விழுந்தா, இந்த வாரம் பஸ்லயோ ரயில்லயோ போயிட்டு வாங்க. கம்ப்யூட்டர் பெரிய பேட்டரி லைன துண்டிச்சுட்டா வண்டி பலமில்லாம கொஞ்ச தூரம்தான் ஊரும், நிப்பாட்டினா திரும்ப ரெடி ஆகாமலும் போகலாம், ஆரல்வாய்மொழி தாண்டி நாலு வழிச்சாலையில ராத்திரி குடும்பத்தோட அப்படி நிக்க வேண்டாம். ஒருவேளை எங்கயாவது நின்னுட்டா கயிறு கட்டி இழுக்க விடாதீங்க, முன் சக்கரம் தரையில சுத்துனா உள்ள இருக்குற மோட்டாரும் சுத்தி கரண்ட் உண்டாக்கும், இன்வெர்ட்டருக்கு அது கேடு. நாலு சக்கரமும் மேல ஏறுற ஃபிளாட்பெட் வண்டியா கேளுங்க, அது கிடைக்கலன்னா முன் சக்கரம் ரெண்டையும் தூக்கி எடுத்துட்டு போற மாதிரியாவது இருக்கணும்.